ஷேக்ஸ்பியரின் தாத்தா எழுதிய உயில்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஷேக்ஸ்பியர் தன் மனைவிக்கு ‘இரண்டாவது நல்ல கட்டிலை’ எழுதிவைத்த கதையைச் சொல்லிவிட்டு, அந்தக் காலத்து இங்கிலாந்தில் சொத்தெல்லாம் மூத்த மகனுக்குத்தான், பெண்களுக்கு ஒன்றும் கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது உங்கள் கட்டுரை. சட்டம் மூத்த மகன் பக்கம் சாய்ந்திருந்தது உண்மை. ஆனால் கிராமத்துக் குடியானவர்கள் சாகும் முன் என்ன எழுதிவைத்தார்கள் என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. அதற்கு ஷேக்ஸ்பியரின் அம்மாவைப் பெற்ற தாத்தா ராபர்ட் ஆர்டனின் உயிலே போதும்.

ஊர் வார்விக்‌ஷயரில் வில்ம்கோட். பத்திரங்களில் வெறும் உழவர் என்றுதான் அவரைக் குறித்திருக்கிறார்கள், ஆனால் யோமன் என்று சொல்கிறார்களே, பிரபு வர்க்கமும் இல்லாமல் கூலியாளும் இல்லாமல் சொந்த நிலத்தில் ஏர் பூட்டிய வசதியான குடியானவர், அந்தத் தரத்து ஆள். எட்டும் பெண்கள், ஆண் வாரிசு இல்லை. மூத்த தாரம் போனபின் ஆக்னஸ் என்ற விதவையைக் கட்டிக்கொண்டார், அவரும் முதல் கணவரின் பிள்ளைகளோடு வந்தவர். இப்படி ஒரு வீட்டில் பெரியவர் கண்ணை மூடினால் என்ன நடக்கும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் அதைக் கடைசி நேரத்துக்கு விட்டுவைக்கவில்லை. 1550லேயே பக்கத்து ஊரான ஸ்னிட்டர்ஃபீல்டில் இருந்த நிலத்தை நம்பிக்கையான ஆட்கள் பேரில் எழுதி, இளைய தாரம் உயிரோடு இருக்கும்வரை அவருக்கு, அப்புறம் ஆறு மகள்களுக்கு என்று ஏற்பாடு செய்துவிட்டார். மிச்சத்துக்குத்தான் உயில், 1556 நவம்பர் 24ஆம் தேதி, உடம்பு முடியாத நிலையில். அதற்குப் பதினாறு வருஷம் முன்பு, 1540இல் வந்த சட்டம்தான் நிலத்தை உயில் மூலம் விரும்பியவருக்கு விட்டுப்போக வழி திறந்தது. அவர் ஒன்றும் எழுதாமல் போயிருந்தால், மகன் இல்லாத வீடு என்பதால், சொந்த நிலம் எட்டு மகள்களுக்கும் சமபங்காகப் போயிருக்கும். அவர் வில்ம்கோட்டில் இருந்த ஆஸ்பீஸ் நிலத்தை, விதைத்து நின்ற வெள்ளாமையோடு, கடைசிப் பெண் மேரிக்கே, அதாவது ஷேக்ஸ்பியரின் அம்மாவுக்கே, எழுதினார். பங்கு பிரிக்கும் முன்னாலேயே அவளுக்கு 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ் ரொக்கமும் கொடுத்துவிட வேண்டும். இன்னொரு மகள் ஆலிஸுக்கு, கடன் அடைத்தபின் மிஞ்சும் பொருளில் மூன்றில் ஒரு பங்கு. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு? மனைவிக்கும் இல்லை, மருமகன்களுக்கும் இல்லை. கல்யாணமாகாத ஆலிஸுக்கும் மேரிக்கும்தான்!

மனைவிக்கு எழுதிய பத்தியை நான் பலமுறை படித்திருக்கிறேன். மேரிக்குச் சொன்ன அதே 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ் அவருக்கும் உண்டு, ஆனால் பண்ணைப் பிரபுவிடம் பெற்றிருந்த குத்தகை நிலத்தில் பாதியை ஆலிஸ் நிம்மதியாக அனுபவிக்க விட்டால்தான். விடாவிட்டால் தொகை சரிபாதியாகிவிடும், அதோடு ஸ்னிட்டர்ஃபீல்டில் ஏற்கெனவே எழுதிக்கொடுத்தது மட்டும். சித்திக்கும் மகளுக்கும் ஒத்துப்போகாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, புத்திமதி எழுதாமல் பணத்தை வைத்துக் கட்டிப்போட்டிருக்கிறார். இதில் ஆக்னஸுக்கு நியாயம் நடந்ததா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, மகளுக்குக் காவல் போட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

ஊரையும் மறக்கவில்லை. வில்ம்கோட் அடங்கிய ஆஸ்டன் திருச்சபை எல்லைக்குள் ஏர்மாடு இல்லாத வீடு ஒவ்வொன்றுக்கும் 4 பென்ஸ். அவர் இறந்தபின் டிசம்பர் 9ஆம் தேதி எடுத்த பொருள் கணக்கில் அவரிடம் எட்டு உழவுமாடு இருந்தது, ஏர் இல்லாதவன் கஷ்டம் தெரிந்த கை எழுதிய வரி அது. அதே கணக்கில் ஐம்பது ஆடு, சுவரில் தொங்கிய சித்திரத் துணிகள், கூரையில் தொங்கிய பன்றி இறைச்சி, தேனீக்கள் வரை எல்லாவற்றுக்கும் விலை போட்டு மொத்தம் 77 பவுண்டு 11 ஷில்லிங் 10 பென்ஸ் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆஸ்பீஸ் மேரியிடம் தங்கவில்லை. ஜான் ஷேக்ஸ்பியரைக் கட்டிக்கொண்டதும் நிலத்தின் நிர்வாகம் கணவர் கைக்குப் போனது. 1578இல் 40 பவுண்டுக்கு அதை மேரியின் அக்காள் கணவரிடமே அடமானம் வைத்தார்கள், 1597இல்கூட வழக்குப் போட்டுப் பார்த்தும் மீட்க முடியவில்லை. கல்யாணமான பெண் கணவர் சம்மதம் இல்லாமல் சொந்தமாக ஓர் உயில்கூட எழுத முடியாத காலம் அது. பெண்களுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதுவதானால் அந்த இடத்தில்தான் எழுத வேண்டும். அப்பா உயில் எழுதிய இடத்தில் இல்லை. அடுத்த இதழில் இதற்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், கும்பகோணம்