ஞாயிறு பேச்சு: லிட்டில் லீக் கதை

நண்பர்களே, இந்த ஞாயிறு இரவு 8 மணிக்குக் குழு அழைப்பு. தலைப்பு, சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக். 1939இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ்போர்ட் ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் மூன்றே அணிகளோடு தொடங்கியது. முதல் ஆட்டத்தில் லண்டி லம்பர் 23, லைகமிங் டெய்ரி 8. (ஆமாம், மரக்கடையும் பால் கம்பெனியும்தான் புரவலர்கள்!)

அப்புறம் பெண் பிள்ளைகள் கதை. 1950இல் கேத்ரின் ஜான்ஸ்டன் சடையை வெட்டிக்கொண்டு, 'டபி' என்ற பெயரில் பையனாகச் சேர்ந்து ஆடினாள். அடுத்த ஆண்டே பெண்களுக்குத் தடை. 1972இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோபோக்கன் ஊரில் மரியா பெப்பே என்ற சிறுமி மூன்று ஆட்டங்களோடு நிறுத்தப்பட்டாள். வழக்குக்குப் பிறகு 1974இல் தடை நீங்கியது, சாஃப்ட்பால் (பேஸ்பால் போலவே, கொஞ்சம் பெரிய பந்தில் ஆடுவது) பிரிவும் வந்தது. அதற்குள் மரியாவுக்கு வயது கடந்துவிட்டது. இந்தப் பகுதிக்கே பாதி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். வருபவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.