லேபிள் ஒட்டியவன் சொல்கிறேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

"சபை முடங்கினால் ஒரு கெடு வையுங்கள், அதற்குள் உறுப்பினர்கள் முடிவெடுக்காவிட்டால் அரசு கொண்டுவந்ததே நிறைவேறியதாக ஆகட்டும்" என்று கோவில்பட்டி வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். படித்ததும் சிரிப்புதான் வந்தது. ஏறக்குறைய அப்படி ஒரு விதி நான் இருக்கும் தென்னாப்பிரிக்காவில் இருந்தது. அதை நம்பி லேபிள் ஒட்டியவன் நான்.

டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் ஒரு மசாலாக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். இங்கே வந்து 11 வருஷம் ஆகிறது. கடையில் அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய்க்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) கிடையாது. மிளகாய்த்தூள், கறி மசாலா, சூடம், ஊதுபத்திக்கு 15 சதவீதம். ('மாமியார் மசாலா' என்றே இங்கே ஒரு காரப்பொடி விற்கிறது. அதற்கும் வரி உண்டு.)

2024 மே தேர்தலில் ஆளுங்கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்கு 400 இடங்களில் 159தான் கிடைத்தது. கூட்டணி வைத்தார்கள். 2025 பிப்ரவரி 19 அன்று நிதியமைச்சர் எனோக் கொடொங்வானா பட்ஜெட் வாசிக்க வேண்டும். வாட்டை 17 சதவீதமாக்கும் திட்டத்துக்குக் கூட்டாளிகள் ஒத்துக்கொள்ளாததால் கடைசி நேரத்தில் ஒத்திவைத்தார்கள். மார்ச் 12 அன்று மறுபடி வந்தார். இம்முறை அரை சதவீதம், மே 1 முதல். அடுத்த ஏப்ரலில் இன்னொரு அரை.

இனிதான் விதி. 2025இல் இருந்தபடி, வாட் சட்டத்தின் 7(4) பிரிவின் கீழ் அமைச்சர் பட்ஜெட்டில் விகிதத்தை மாற்றி அறிவித்தால் போதும். அவர் சொன்ன தேதியிலிருந்து அது நடப்புக்கு வந்துவிடும். அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்ற 12 மாதம் அவகாசம். வசூல் முதலில், வாக்கு பிறகு. ஏப்ரல் 2 அன்று பட்ஜெட்டின் வரவு செலவு வரைவான நிதிச் சட்டகம் நாடாளுமன்றத்தில் 194க்கு 182 என்ற கணக்கில் நிறைவேறியது. அதோடு "30 நாளில் வாட்டுக்கு மாற்று வழி தேடு" என்று ஒரு பரிந்துரையையும் ஒட்டிவைத்தார்கள். அப்படியானால் வரி உண்டா, இல்லையா? கட்சிகள் கோர்ட்டுக்குப் போயின. நான் லேபிள் அடிக்கப் போனேன்.

69 ராண்டுக்கு விற்ற பாக்கெட் 69 ராண்ட் 30 சென்ட் ஆக வேண்டும். முப்பது சென்ட்! பெரிய வெள்ளிக்கு இங்கே மாரியம்மன் கோயில் திருவிழா. சூடம் வாங்க நிற்கும் கூட்டத்துக்கு நடுவில் பில் போடும் மெஷினுக்கும் ஆள் வரவழைத்தோம். விகிதத்தை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனான். ஈஸ்டர் விடுமுறை முடிந்து இரண்டு நாள் புது லேபிள் ஒட்டினேன். மூன்றாம் நாள், ஏப்ரல் 24, விடிவதற்குள் செய்தி வந்துவிட்டது: வரி உயர்வு வாபஸ். ஒட்டியதை உரித்தால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கிழிகிறது. மேஜை முழுக்க மஞ்சள்தூள். வழக்கமாக வரும் ஆயா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, யாருக்கு நலங்கு?" என்றார். மெஷின்காரன் திரும்பவும் வந்தான், திரும்பவும் கூலி. மே 21 அன்று மூன்றாவது பட்ஜெட் வந்தது. அதில் வாட் 15தான்.

சபை இழுபறியில் கிடந்ததால் வந்த வினை மட்டும் இல்லை இது. சபை சம்மதிக்கும் முன்பே தேதி குறிக்க ஒருவருக்கு உரிமை இருந்ததால் வந்தது. கோவில்பட்டிக்காரர் கேட்பதும் அந்த உரிமையைத்தான்.

முடக்கத்தைச் சமாளிக்க இதே நாட்டில் உருப்படியான விதி ஒன்றும் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று பிறக்கிறது. பட்ஜெட் நிறைவேறாவிட்டால் முதல் நான்கு மாதத்துக்கு முந்தைய ஆண்டு ஒதுக்கீட்டில் 45 சதவீதம் வரை அரசு எடுத்துச் செலவழிக்கலாம். பிறகு மாதம் 10 சதவீதம். அத்தனை இழுபறியிலும் எங்கள் தெரு ஆயாக்களின் பென்ஷன் நிற்கவில்லை. அமெரிக்காவில் அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கி 43 நாள் அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்தனவே, அந்தக் கூத்து இங்கே கிடையாது. சண்டை முடியும்வரை பழைய கணக்கில் வண்டி ஓடும், புதுச் சுமை எதுவும் ஏறாது. அவசரம் அரசுக்குத்தானே? அதுவே இறங்கிவந்து நாலு பேரிடம் பேசட்டும்.

எங்கள் குவாசுலு-நட்டால் மாகாண சபையில் 2024 தேர்தலுக்குப் பிறகு 80 பேரில் அரசுப் பக்கம் 41, எதிரே 39. ஒரே ஒருவர் பக்கம் மாறினால் 40க்கு 40. இந்த லட்சணத்தில் "கெடு தாண்டினால் அரசு சொன்னதே சட்டம்" என்று எழுதிவைத்தால், எந்த அமைச்சர் எதிர்க்கட்சியிடம் பேசப்போகிறார்? நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கெடு வைக்கத்தான் வேண்டுமென்றால் இப்படி வையுங்கள்: வரியையோ கட்டணத்தையோ உயர்த்தும் எதுவும் சபையில் வாக்கெடுப்பு முடிந்து, குறைந்தது 30 நாள் கழித்தே நடப்புக்கு வர வேண்டும். சபை முடிவெடுக்காத வரை பழைய விகிதமே நீடிக்கட்டும். முப்பது நாள் எதற்கு என்று கேட்டால், லேபிள் அடிக்க.

இப்படிக்கு,
மசாலாக் கடைக் கணக்கர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.