டி.சி. எழுதும் முன் ஒரு பாடவேளை கொடுங்கள்

தலைமை ஆசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

நான் முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளிகளில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள். உங்களில் சிலரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முன்பு நடந்தது இது. பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் பையைச் சோதித்தபோது, கணக்கு நோட்டுக்குள் கஞ்சாப் பொட்டலம் இருந்தது. மறுநாள் அவன் அப்பாவை வரச் சொன்னோம். கட்டட வேலைக்குப் போகிறவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு, சிமெண்ட் படிந்த காலோடு வந்து நின்றார். ஒரு மணி நேரத்தில் டி.சி. எழுதிக் கையில் கொடுத்துவிட்டோம். ‘மற்ற பிள்ளைகளும் கெட்டுப்போவார்கள்’ என்று அந்த அறையில் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அவனை வேறு எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பேருந்து நிலையத்தில் ‘டீச்சர்’ என்று ஒரு குரல். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். கண்ணின் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அது எதனால் வரும் என்று உயிரியல் படித்த எனக்குத் தெரியும். கஞ்சாவிலிருந்து வலி மாத்திரைக்குப் போயிருந்தான். அதையும் ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தான். ‘நல்லா இருக்கீங்களா டீச்சர்’ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

அன்று இரவு என் பழைய பாடக்குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். நரம்பு செல்லின் படம், பாகங்கள் குறி, ஐந்து மதிப்பெண். இரண்டு நரம்பு செல்களுக்கு நடுவே இருக்கும் சினாப்ஸ் என்ற மெல்லிய இடைவெளியை எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். கஞ்சாவும் சாராயமும் புகையிலையும் வலி மாத்திரையும் வேலை பார்ப்பது அந்த இடைவெளியில்தான் என்று ஒரு வரிகூடச் சொன்னதில்லை. பாடத்திட்டத்தில் இல்லை, தேர்வில் வராது என்று விட்டுவிட்டேன். இந்த மடல் அந்த வரிக்காகத்தான்.

2022-இல் இருந்து ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் பள்ளிகளில் போதைக்கு எதிரான உறுதிமொழி எடுக்கிறோம். பேரணி போகிறோம், ஓவியப் போட்டி வைக்கிறோம். மண்டை ஓடும் எலும்பும் வரைந்த பிள்ளைக்குப் பரிசு. இதையெல்லாம் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் கையை நீட்டி உறுதிமொழி சொன்ன பிள்ளை அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது புதிதாக என்ன தெரிந்துகொண்டு போகிறது? அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ‘டேர்’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். சீருடைப் போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து போதையின் ஆபத்தைச் சொல்லி, ‘வேண்டாம்’ என்று மறுக்கப் பழக்குவார். நாடு முழுக்கப் பரவியது. சில வருடம் கழித்து ஆய்வாளர்கள் அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளையும் உட்காராத பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போதைப் பழக்கத்தில் இரு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. பிற்பாடு அந்தப் பாடத்தையே மாற்றினார்கள்.

ஏன் அப்படி ஆகிறது என்று நம் வகுப்பறையை வைத்தே சொல்லலாம். ‘ஒரு தடவை தொட்டாலே பைத்தியம் பிடிக்கும்’ என்கிறோம். பக்கத்து பெஞ்சுப் பையனோ மூன்று மாதமாக இழுக்கிறான். சாயங்காலம் கிரிக்கெட்டில் நன்றாகத்தான் பந்து போடுகிறான். பார்க்கிற பிள்ளை, டீச்சர் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்துவிடும். அதற்கப்புறம் நாம் சொல்லும் உண்மையும் அதன் காதில் ஏறாது.

சரி, உண்மை என்ன?

1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி, எலி தானே ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்தில் லேசாக மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலிகள் அந்த நெம்புகோலை விடவே இல்லை. அந்தப் பாதையில் முக்கியமாக ஓடும் ரசாயனம் டோபமைன். அதை ‘இன்பம் தரும் ரசாயனம்’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். முதலில் சாறு நாக்கில் பட்டதும் டோபமைன் செல்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகியதும், சாற்றுக்குத் துடிப்பதை விட்டுவிட்டு விளக்குக்குத் துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் அந்தச் செல்கள் அடங்கிப் போயின.

இந்த விளக்கை நம் பிள்ளைகளின் வாழ்க்கையில் தேடிப் பாருங்கள். பெட்டிக்கடைத் திருப்பம் ஒரு விளக்கு. சாயங்காலம் ஆறு மணி ஒரு விளக்கு. ஒரு நண்பனின் விசில் சத்தம் ஒரு விளக்கு. இனிமேல் தொடமாட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்த பையன் மறுநாளே அந்தத் திருப்பத்தில் நிற்பது அம்மா மேல் பாசம் இல்லாததால் அல்ல. போதைப்பொருள் டோபமைனை அளவுக்கு மீறிச் சுரக்க வைத்து, ‘இதை மறக்காதே’ என்று மூளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. நாம் பத்து தடவை எழுதச் சொல்லும் பாடத்தை அது சில நாளில் மனப்பாடம் செய்ய வைக்கிறது. இதற்கு எதிராக நின்று ‘இப்போது வேண்டாம், பிறகு யோசி’ என்று சொல்ல வேண்டியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. அது முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகும். நம் வகுப்பில் இருப்பவர்களுக்குப் பதினாறு.

கஞ்சாவைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்பும் செய்தி ஒன்று உண்டு. நம் மூளையே கஞ்சாவைப் போல வேலை செய்யும் ஒரு பொருளைச் சுரக்கிறது. 1992-இல் அதைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகள் ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள், நாம் சொல்லும் அதே ஆனந்தத்திலிருந்து எடுத்து. மூளை அதைத் துளித்துளியாக, தேவைப்படும் இடத்தில் மட்டும் சுரந்து, வேலை முடிந்ததும் உடைத்துவிடும். கஞ்சாவில் உள்ள டி.ஹெச்.சி. அப்படி இல்லை. அது எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் போய் உட்காரும், மணிக்கணக்கில் நகராது. கொழுப்பில் தங்குவதால், தினமும் இழுக்கிறவர் நிறுத்தி வாரக்கணக்கில் ஆனாலும் சிறுநீரில் தெரியும். புது நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் அது உட்காரும் இடங்கள் நிறைய. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, காலையில் படித்தது மத்தியானம் நிற்கவில்லை என்று சொன்னால், ‘திமிர்’ என்பதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். எல்லாருக்கும் பைத்தியம் பிடிக்காது. ஆனால் சின்ன வயதில் தொடங்கினவர்களுக்கும், தினமும் இழுக்கிறவர்களுக்கும், குடும்பத்தில் மனச்சிதைவு உள்ளவர்களுக்கும், காதில் குரல் கேட்பது, எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று தோன்றுவது போன்றவை வரும் ஆபத்து கூடுதல். இப்படிச் சொன்னால் பக்கத்து பெஞ்சு கிரிக்கெட்காரனைப் பார்த்தும் நம்புவார்கள்.

வலி மாத்திரை வேறு வகை. அறுவை சிகிச்சை, புற்றுநோய் போன்ற கடும் வலிக்கு மருத்துவர் சீட்டோடு கொடுக்க வேண்டிய டாபெண்டடால் போன்றவற்றைத்தான் சொல்கிறேன். இவை போய் ஒட்டும் இடங்கள் மூளைத்தண்டிலும் உண்டு. நாம் தூங்கும்போதும் மூச்சு விட வைப்பது மூளைத்தண்டு. அளவு மீறினால், அல்லது கூடவே சாராயமும் சேர்ந்தால், தூக்கத்திலேயே மூச்சு குறைந்து நின்றுவிடும். நாளாக நாளாக உடம்பு பழகி அதிக அளவு கேட்கும். சில வாரம் விட்டிருந்தால் அந்தப் பழக்கம் உடம்பைவிட்டுப் போய்விடும், ஆசை மட்டும் போகாது. பழைய அளவையே திரும்ப எடுக்கிறவர் செத்துப்போவது இதனால்தான். வாயில் விழுங்கச் செய்த மாத்திரையில் மாவும் டால்க்கும் சேர்ந்திருக்கும். அது ரத்தத்தில் கரையாது. நுரையீரலின் மெல்லிய ரத்தக் குழாய்களில் போய் அடைக்கும். ஒரே ஊசியை நான்கு பேர் மாற்றிக்கொண்டால் ஹெச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் உடன் வரும். அந்தப் பையனின் முழுக்கைச் சட்டையை நினைக்காமல் இதை என்னால் எழுத முடியவில்லை.

உதட்டுக்கு அடியில் வைக்கும் புகையிலைப் பை பற்றி உங்களுக்கே தெரியும், கழிப்பறைச் சன்னலில் தினமும் பொறுக்குகிறீர்கள். அதிலும் நிக்கோடின் இருக்கிறது, மூளை அதற்கும் பழகுகிறது. ‘சிகரெட் இல்லையே’ என்று எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி சாராயம். இதைப் பிள்ளைகளுக்காக மட்டும் சொல்லவில்லை, அவர்களின் அப்பாக்களுக்காகவும் சொல்கிறேன். மூளையில் பிரேக் போல வேலை செய்யும் ரசாயனம் ஒன்று உண்டு, காபா என்று பெயர். ஆக்சிலேட்டர் போன்றது குளூட்டமேட். சாராயம் பிரேக்கை அழுத்தி ஆக்சிலேட்டரைத் தளர்த்துகிறது. அதனால்தான் நடை தள்ளாடுகிறது, நாக்கு குழறுகிறது. வருடக்கணக்கில் தினமும் குடித்தால், சமாளிப்பதற்காக மூளை ஆக்சிலேட்டரை எப்போதும் கூட்டியே வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் குடியைத் திடீரென்று நிறுத்தினால் பிரேக் போய்விடும், ஆக்சிலேட்டர் மட்டும் மிச்சம். காலையில் அப்பாவின் கை டம்ளரோடு நடுங்குகிறதே, அது இதுதான். நமது ஊர்களில் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே நாளில் குடியை விடுகிறார்கள். அந்த மனஉறுதியை மதிக்கிறேன். ஆனால் பல வருடக் குடிகாரர் அப்படி நிறுத்தும்போது முதல் சில நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாள் கழித்து இல்லாத பூச்சியையும் ஆளையும் பார்த்து அலறலாம், உயிரும் போகலாம். ‘பேய் பிடித்துவிட்டது’ என்று வேப்பிலை அடிக்கும் நேரத்தில் அவர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கயிறு கட்டுங்கள், கூடவே மருத்துவரையும் பாருங்கள். உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் வீட்டில் இதைத் தனியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது மெத்தனாலால். உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது, அது கண் நரம்பைத் தாக்குகிறது. பார்வை மங்குகிறது என்று சொன்னவுடனே ஓட வேண்டும் என்பதை ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால், அது வீட்டில் இருக்கும் பெரியவர்களை இழுத்துக்கொண்டு ஓடும். வேதியியல் பாடப் புத்தகத்தில் மெத்தனால் இருக்கத்தான் செய்கிறது.

இப்போது டி.சி.க்கு வருகிறேன். வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை, ஊர் திரும்பிய பிறகு லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் தேடிப்போய் விசாரித்தார். பெரும்பாலானவர்கள் திரும்ப அடிமையாகவில்லை. காரணங்கள் பல, இடம் மாறியதும், வீடும் வேலையும் மனிதர்களும் கிடைத்ததும் அதில் முக்கியமானவை என்று பலரும் கருதுகிறார்கள். நாம் என்ன செய்தோம்? காலை மணி, மத்தியானச் சோறு, திட்டினாலும் பேர் சொல்லிக் கூப்பிடும் நான்கு ஆசிரியர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு, அந்தப் பையனைப் பெட்டிக்கடைத் திருப்பத்தில் கொண்டுபோய் விட்டோம். அவனுக்கு எல்லா விளக்கும் எரிகிற இடம் அது.

சட்டம்கூட நம்மைவிடப் பொறுமையாக இருக்கிறது. குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் ஏழு வருடம் வரை கடுங்காவல் உண்டு. சிகிச்சைக்குத் தானாக முன்வரும் அடிமைக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தர 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பள்ளியைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பதும் சட்டம்தான். பையனின் பையைத் திறந்து பார்க்கும் நாம், வாசலிலிருந்து அந்த நூறு கெஜத்தை ஒருமுறை நடந்து பார்த்திருக்கிறோமா? பொட்டலம் கிடைத்தால் அவனை உட்கார வைத்து எப்போதிலிருந்து, யார் கொடுத்தது, தூக்கம் வருகிறதா, வீட்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அப்பாவோடு அனுப்புங்கள்; எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. அவன் இருக்கை வகுப்பில் அப்படியே இருக்கட்டும். விட்டவன் திரும்பத் தொட்டாலும் இருக்கட்டும். மூளை பழைய நிலைக்கு வரப் பல மாதம் ஆகும், நடுவில் சறுக்கும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் நாம் டி.சி. கொடுப்பதில்லை.

தாய்மார்களே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை நீங்கள்தான் கேட்க வேண்டும். கழிப்பறை, குடிநீர் பற்றிக் கேட்கும் அதே குரலில் கேளுங்கள்.

என்னிடம் இப்போது நேரம் இருக்கிறது. எந்தப் பள்ளியாக இருந்தாலும் வருகிறேன், சனிக்கிழமை சிறப்பு வகுப்பானாலும் சரி. கரும்பலகையும் இரண்டு வண்ணச் சாக்பீஸும் போதும். நாற்பது நிமிடத்தில் சினாப்ஸ் வரைந்து, மேலே எழுதியதையெல்லாம் சொல்லிவிடுவேன். வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருப்பேன், தனியாகப் பேச வருகிற பிள்ளைக்காக. அந்தப் பத்து நிமிடம் மட்டும் ஆசிரியர் யாரும் வாசலில் நிற்க வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை