பாறைக் குட்டைகளைப் பார்க்கப் போகும் செல்விக்கு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, இப்போது பேத்தியின் கன்னத்து மச்சம்கூடத் தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் வலி மட்டும் விடவில்லை. ஆனாலும் கோலை ஊன்றிக்கொண்டு பாறைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தப் பாறையைப் பற்றித்தானே கேட்டிருக்கிறாய். பேத்தியோடு குளிர்கடல் ஓரம் ஒரு வாரம் தங்கப் போகிறோம், கடல் வற்றியதும் பாறைகளுக்கு நடுவே தேங்கும் குட்டைகளில் என்னென்ன இருக்கும், எதை எப்படிப் பெயர் சொல்வது என்று. ஒரு பட்டியல் போட்டு அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத, அது உனக்கு உதவாது என்று தோன்றியது. முதல் மூன்று வருடம் நான் படப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிறத்தை வைத்துத்தான் பெயர் தேடினேன். பாதிக்கு மேல் தப்பு. நிறத்தை விட்டுவிட்டு, அந்தப் பிராணி எந்த உயரத்தில் இருக்கிறது, என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்கப் பழகிய பிறகுதான் பிடிபட்டது.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஓக்கர் நட்சத்திர மீன் என்று ஒன்று உண்டு. ஒரே பாறையில் ஊதாவாக ஒன்று, ஆரஞ்சாக ஒன்று, பழுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று வகை என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூன்றும் ஒரே இனம். வெல்க் என்கிற சின்னச் சங்கும் அப்படித்தான்: வெள்ளை, பழுப்பு, வரி போட்டது என்று ஒரே இனத்துக்குள் பல சட்டை.

அதனால் முதலில் பாறையை மேலிருந்து கீழாகப் பார். உச்சியில், அலைத் தெறிப்பு மட்டும் எட்டும் இடத்தில், கடுகு மிளகு அளவில் குட்டி நத்தைகள். அதற்குக் கீழே சொரசொரவென்று வெள்ளையாக, பாறையை விட்டு நகராமல் ஒட்டியே வாழும் கொட்டலசு. அதற்கும் கீழே கருநீல மசல் சிப்பிகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு பாய் விரித்தது போல இருக்கும். அந்தப் பாய் ஓரிடத்தில் சட்டென்று கோடு போட்டது போல முடியும். அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நட்சத்திர மீன்கள், முள் பந்து போன்ற கடல் முள்ளெலிகள், பூப்போல விரியும் பிராணிகளான பெரிய கடல் சாமந்திகள்.

அந்தக் கோட்டை யார் போட்டது தெரியுமா? நட்சத்திர மீன்தான். ராபர்ட் பெயின் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1963-ல் வாஷிங்டன் மாநிலக் கரையில் ஒரு துண்டுப் பாறையைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்த ஓக்கர் நட்சத்திர மீன்களை எல்லாம் பிடுங்கி வெளியே எறிந்துகொண்டே இருந்தார். தின்பதற்கு ஆள் இல்லாமல் போனதும் சிப்பிகள் கீழே இறங்கி இடத்தைப் பிடித்துக்கொண்டன. 15 இனங்கள் இருந்த இடம் 8 ஆகிவிட்டது. கல் வளைவின் உச்சியில் வைக்கிற பூட்டுக்கல்லை உருவினால் வளைவே சரியும் இல்லையா, அதை வைத்து இப்படிப்பட்ட உயிருக்கு அவர் 1969-ல் பூட்டுக்கல் இனம் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். ஒரு பிராணி வாழும் இடத்தின் மேல் எல்லையைப் பெரும்பாலும் வெயிலும் வறட்சியும் தீர்மானிக்கின்றன, கீழ் எல்லையைத் தின்பவர்களும் இடத்துக்குப் போட்டியிடுபவர்களும் தீர்மானிக்கிறார்கள். இது மனதில் இருந்தால் எந்தக் குளிர்கடல் கரையிலும் நீ தடுமாற மாட்டாய்.

கொட்டலசைப் பார்த்தால் சிப்பி வகை என்றுதான் தோன்றும். 1830 வாக்கில் அதன் குஞ்சுகளைக் கவனித்த பிறகுதான் அது நண்டு, இறால் குடும்பம் என்று தெரிந்தது. தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, மல்லாந்து கிடந்து, காலால் சாப்பாட்டை வாரி வாய்க்குள் போட்டுக்கொள்ளும் பிராணி அது. டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு வருடம் இதிலேயே மூழ்கிக் கிடந்தார். தண்ணீருக்குள் இருக்கும் ஒன்றின் பக்கத்தில் பேத்தியை உட்கார வை. மேல் கதவு திறந்து இறகு போன்ற கால்கள் வெளியே வந்து துழாவும். அதைப் பார்த்த பிறகு அவள் அதைச் சிப்பி என்று சொல்ல மாட்டாள்.

பாறையோடு ஒட்டிக் கிடப்பது குடை கவிழ்த்தது போல ஒரே ஓட்டோடு இருந்தால் லிம்பெட். ஓடு எட்டுப் பட்டைகளாகப் பிரிந்திருந்தால் கைட்டான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் இல்லை, பட்டையை எண்ணினால் போதும். லிம்பெட் வகைகள் பல, நீர் ஏறியதும் மேயப் போய்விட்டு, வற்றுவதற்குள் தன் பழைய இடத்துக்கே திரும்பும். ஓட்டின் விளிம்பு அந்த இடத்துக்கென்றே வளர்ந்திருக்கும், பாறையிலும் அதன் தழும்பு இருக்கும். ஆள் இல்லாத தழும்பு ஒன்றை நான் கண்டுபிடித்த அன்று, வீட்டுக்காரர் திரும்பி வருவதைப் பார்க்காமல் போக மனமில்லாமல் நின்றேன். அதற்குள் தண்ணீர் ஏறி என்னைக் கிளப்பிவிட்டது.

குட்டையில் ஒரு சங்கு வேகமாக ஓடினால் அது நத்தை அல்ல, உள்ளே துறவி நண்டு இருக்கிறது. நத்தை வழுக்கிக்கொண்டு மெதுவாகத்தான் போகும். காலிச் சங்கைப் பேத்தி வீட்டுக்கு எடுத்துப் போகக் கேட்பாள், தயவுசெய்து வேண்டாம் என்று சொல். வளர்ந்துவிட்ட துறவி நண்டுக்கு அடுத்த வீடு அதுதான். செத்த நண்டு கிடக்கிறதே என்று அவள் வருத்தப்பட்டால் தூக்கிப் பார்க்கச் சொல். எடை இல்லை, நாற்றம் இல்லை, முதுகின் பின்பக்கம் கதவு போலத் திறக்கிறது என்றால் அது கழற்றிப் போட்ட சட்டை. நண்டு பக்கத்திலேயே மெத்தென்ற உடம்போடு ஒளிந்திருக்கும்.

கடல் சாமந்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அது என்னை இன்னும் உறுத்துகிறது. தண்ணீருக்குள் அது விரிந்த பூ. வெளியே மாட்டிக்கொண்டால் உள்ளே சுருங்கி ஒரு கொழுக்கட்டையாகிவிடும். கூட்டமாக வாழும் ஒரு வகை, காயாமல் இருக்க மேலெல்லாம் சிப்பித் தூளையும் மணலையும் ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் ஈரச் சரளைதான். ஆரம்பத்தில் ஒருநாள் அப்படி ஒரு சரளையில் கால் வைத்தேன். மெத்தென்று அழுந்தி, பல இடங்களில் தண்ணீர் பீச்சியது. எத்தனை உயிரை மிதித்தேன் என்று புரிந்ததும் காலை எங்கே எடுத்து வைப்பது என்றே தெரியவில்லை. அதனால் சொல்கிறேன், வெறும் பாறையில் மட்டும் கால் வையுங்கள்.

அந்தக் கூட்டத்தின் நடுவே விரல்கடை அகலத்தில் ஒற்றையடிப் பாதை போல வெறும் பாறை தெரிந்தால் நின்று பார். அவை ஒன்றே இரண்டாகப் பிளந்து பெருகுகிறவை. பாதைக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் ஒரே உயிரின் நகல், அந்தப் பக்கம் வேறொன்றின் நகல். இரண்டு கூட்டமும் தொட்டுக்கொண்டால், வெள்ளை நுனி கொண்ட தனிக் கொடுக்குகளை உப்பவைத்து ஒன்றையொன்று கொட்டும். அந்தப் பாதை அவர்களுடைய எல்லை. நான் பாறையில் பார்த்ததில் எனக்கு இதைவிடப் பெரிய ஆச்சரியம் கிடையாது.

மற்றதெல்லாம் போகப் போகத் தெரியும். செத்த சிப்பியில் ஊசியால் குத்தியது போல வட்டத் துளை இருந்தால் வெல்க் தின்றது. துளை இல்லாமல் வாய் பிளந்திருந்தால் நட்சத்திர மீனாக இருக்கலாம். அது சிப்பியை இழுத்துப் பிடித்து, கிடைக்கும் சின்ன இடுக்கு வழியாகத் தன் வயிற்றையே உள்ளே விட்டுக் கரைத்துவிடும். அதைப் பாறையிலிருந்து பிய்க்க வேண்டாம், குழாய்க் கால்கள் அறுந்துபோகும். 2013-லிருந்து அலாஸ்கா முதல் மெக்சிகோ வரை நட்சத்திர மீன்கள் கை கழன்று கரைந்து செத்தன. 24 கைகள் வரை வளரும் சூரியகாந்தி நட்சத்திர மீன் பல இடங்களில் அநேகமாக இல்லாமலே போய்விட்டது. அதைக் கொன்றது ஒரு விப்ரியோ பாக்டீரியா என்று 2025-ல்தான் கண்டுபிடித்தார்கள். அதனால் ஒரு நட்சத்திர மீனைப் பார்த்தால்கூட எனக்கு ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

சரி, எப்போது போவது? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் வற்றும். கடல் ஏறி வற்றும் நேரம் போட்ட அந்த ஊர் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் மிகக் குறையும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே இறங்கிவிடு. ஒவ்வொரு நாளும் அது ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். கடலுக்கு முதுகைக் காட்டாதே. கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வை. கையை நனைத்துக்கொண்டு தொடச் சொல். குட்டையில் ஒன்றுமே இல்லை என்று பட்டால் உன் நிழல் விழாமல் பத்து நிமிடம் உட்கார், அதுவரை மணலோடு மணலாகக் கிடந்த குட்டி மீன் மெல்ல நகரும்.

அப்புறம், இதற்கெல்லாம் நிறையக் குனிய வேண்டும். அறுவைக்குப் பிறகு எப்போதிலிருந்து குனியலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போ. அதுவரை குனிகிற வேலையைப் பேத்தி பார்த்துக்கொள்ளட்டும், நீ எந்த உயரத்தில் இருக்கிறது என்று மட்டும் அவளிடம் கேட்டுக்கொண்டிரு.

உன்,
கமலா