பாரதி வாழ்ந்த வீட்டுக்கு நம் பிள்ளைகள்: நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியோர்களுக்கும், வெளியூர்களில் வாழும் நம் அரசுப் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

விழுப்புரத்துக்கு அருகிலுள்ள நம் ஊரிலிருந்து புதுச்சேரி ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். 1908இல் ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்த பாரதியார், 1918 நவம்பரில் அங்கிருந்து புறப்பட்டுக் கடலூர் அருகே கைதாகும்வரை பத்து ஆண்டுகள் அந்நகரில் வாழ்ந்தார். குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் பாஞ்சாலி சபதமும் அந்தப் பத்தாண்டுகளில் பிறந்தவை. அத்தெருவில் அவர் குடியிருந்த வீடு இன்று அருங்காட்சியகமாகவும் ஆய்வு மையமாகவும் பேணப்படுகிறது. ஆயினும் அவருடைய பாடல்களை ஒப்புவித்துப் பரிசு வாங்கும் நம் பிள்ளைகளில் மிகப் பலர் அந்த வாசற்படியை மிதித்ததில்லை. வீட்டுக்கு வீடு கூலி வேலையை நம்பியிருக்கும் ஊரில், பயணச் செலவே அதற்குத் தடையாக நிற்கிறது.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒருமுறை அழைத்துச் சென்றோம். ஒரே நாளில் பல இடங்களைக் காட்ட வேண்டுமென்ற ஆசையில், அவ்வீட்டுக்கு இருபது நிமிடங்களே ஒதுக்கினோம். அது எங்கள் தவறு. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி சுவரோரமாக அடிமேல் அடி வைத்து ஓர் அறையின் நீளத்தை அளந்துகொண்டிருந்தாள். "இவ்வளவு பெரிய கவிஞர் அரண்மனையில் இருந்திருப்பார் என்று நினைத்தேன், ஐயா" என்றாள். அடுத்த பக்கத்துச் சுவரை அளக்கத் தொடங்குவதற்குள் அவளைப் பேருந்துக்கு அழைத்துவிட்டோம். கண்ணாடிக்குள் இருந்த கையெழுத்துப் பிரதியை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த சிறுவனும் பாதியில் எழுந்து வந்தான்.

ஆகவே இம்முறை எண்பது மாணவர்களை நாற்பது பேராகப் பிரித்து, இரண்டு சனிக்கிழமைகளில் அழைத்துச் செல்ல முடிவு செய்துள்ளோம். காலைப் பொழுது முழுவதும் பாரதியார் வீட்டுக்கே. பிற்பகலில், பெருமாள் கோயில் தெருவில் பாவேந்தர் பாரதிதாசன் வாழ்ந்த இல்லத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவோம். கடற்கரைக்குச் செல்லும் திட்டம் இல்லை, பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள்.

இரண்டு நாள் பேருந்து வாடகை ரூ.28,000, மாணவர்களின் உணவு ரூ.12,000, ஆளுக்கொரு பாரதியார் கவிதைப் புத்தகம் வாங்க ரூ.8,000, ஆக மொத்தம் ரூ.48,000 தேவைப்படுகிறது. உடன் வரும் ஆசிரியர்களும் குழுவினரும் தங்கள் உணவுச் செலவைத் தாங்களே ஏற்கின்றனர். குழு உறுப்பினர்கள் ரூ.18,000 திரட்டிவிட்டோம். எஞ்சிய ரூ.30,000த்துக்காகவே உங்களை நாடி வருகிறோம். ஒரு பிள்ளைக்கு ரூ.600 ஆகும், அதை முழுதாகத் தர இயலாதவர்கள் ஐம்பதோ நூறோ தந்தாலும் மனமுவந்து பெற்றுக்கொள்வோம்.

புதுச்சேரியில் பாரதியார் குடியிருந்த வீடொன்றின் உரிமையாளரான விளக்கெண்ணெய்ச் செட்டியார், வாடகை கேட்க வந்து, அவர் பாடுவதைக் கேட்டுவிட்டுப் பணத்தைப் பற்றிப் பேசாமலே திரும்பிவிடுவாராம். பாரதியாரைப் பற்றி எழுதிய வ.ரா. இதைப் பதிவு செய்திருக்கிறார். நன்கொடை கேட்டு உங்கள் வாசலுக்கு வரும் எங்களுக்கு அந்தச் செட்டியாரின் நினைவு அடிக்கடி வருகிறது.

நன்கொடையைப் பள்ளி அலுவலகத்திலோ குழு உறுப்பினர்களிடமோ செலுத்தி, ரசீதைத் தவறாமல் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். பயணம் முடிந்த பத்து நாட்களுக்குள் வரவு செலவுக் கணக்கு பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். மீதமாகும் தொகை பள்ளி நூலகத்துக்குச் சேரும். பேருந்துக்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால், இம்மாத இறுதிக்குள் உதவுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.

இவண்,
பயணக் குழுவினர்