செப்டிக் டேங்கின் முதல் அறையைத் தொடாமலே முழுக் கட்டணம் பெற்றது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் நிறுவனம்.

பொருள்: அரைகுறை வேலையும், தொட்டிக்குள் ஆளை இறக்க முயன்றதும் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கடந்த சனிக்கிழமை காலை தங்கள் நிறுவனத்தின் கழிவுநீர் லாரி எங்கள் வீட்டிற்கு வந்து, செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ததாகச் சொல்லி 3,500 ரூபாய் பெற்றுச் சென்றது. அந்த வேலை முழுமையாக நடக்கவில்லை. அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் அன்று நடக்க இருந்தது.

எங்கள் தொட்டி ஒன்பதடி நீளமும் நாலடி அகலமும் கொண்டது. நடுவே தடுப்புச் சுவர் உண்டு. கழிப்பறைக் குழாய் வந்து விழும் முதல் அறை ஆறடி, அடுத்தது மூன்றடி. கனமான கசடு முதல் அறையின் அடியில் படிய, எண்ணெய்ப் பசை மேலே ஏடாக மிதக்க, இடையில் நிற்கும் நீர் மட்டுமே சுவரின் திறப்பு வழியாக இரண்டாம் அறைக்கும், அங்கிருந்து நீரை மண்ணுக்குள் இறக்கும் உறைகிணற்றுக்கும் போகும் என்பதை இத்தொழிலில் இருக்கும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வந்தவர்கள் இரண்டாம் அறையின் மூடியை மட்டும் திறந்து, பத்து நிமிடம் நீரை உறிஞ்சிவிட்டு, வேலை முடிந்தது என்றார்கள்.

முதல் அறையையும் திறக்கச் சொன்னேன். அடியில் இறுகிக் கிடப்பதை இயந்திரம் இழுக்காது என்றும், மேலும் 1,500 ரூபாய் தந்தால் ஆள் இறங்கி வாளியில் அள்ளிவிடுவார் என்றும் ஓட்டுநர் கூறினார். உடன் வந்த இளைஞர் கையுறைகூட இல்லாமல் சட்டையைக் கழற்றத் தொடங்கியதும் பதறிப்போய்த் தடுத்தேன். என் மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு. மூடிக் கிடந்த தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தேங்கியிருக்கும். நாற்றம் தெரியவில்லை என்பதால் வாயு இல்லை என்று நம்பவும் முடியாது, ஏனெனில் ஹைட்ரஜன் சல்பைடின் செறிவு கூடும்போது அது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவது, மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதும், முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்பதும் தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இறுகிய கசட்டின்மீது அழுத்தத்துடன் நீரைப் பாய்ச்சிக் கலக்கிவிட்டு உறிஞ்சினால் யாரும் இறங்கத் தேவையே இல்லை.

லாரி போன பிறகு முதல் அறையின் மூடியைச் சற்று நகர்த்தி, நீண்ட கழியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, மேலிருந்தபடியே தரை வரை விட்டு எடுத்தேன். இரண்டரை அடி உயரத்திற்குத் துணி கறுத்திருந்தது. நான்கு ஆண்டுகள் அள்ளாமல் விட்டது என் தவறுதான். அதைச் சரிசெய்யவே தங்களை அழைத்தேன். இந்த நிலையில் விட்டால் கசடு உறைகிணற்றுக்குள் போய், நீரை உறிஞ்சும் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அதன்பின் தொட்டியை எத்தனை முறை காலி செய்தாலும் பயனில்லை.

இதற்கிடையே 'கிருமிப் பொடி' என்று 600 ரூபாயைப் பில்லில் சேர்த்திருக்கிறீர்கள். அதைப் போட்டால் பத்தாண்டுக்குக் கசடு அள்ள வேண்டாம் என்றார் ஓட்டுநர். தொட்டிக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் மலத்தோடே வந்து சேர்கின்றன. எந்தப் பொடியும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடு அகற்றும் தேவையை நீக்காது.

ஆகவே, ஏழு நாட்களுக்குள் மீண்டும் லாரியை அனுப்பி, கூடுதல் கட்டணமின்றி, இயந்திரத்தைக் கொண்டே முதல் அறையின் கசட்டை அகற்றித் தரவும், பொடிக்கான தொகையைத் திருப்பித் தரவும், அள்ளிய கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒப்படைத்ததற்கான ரசீதின் நகலை அனுப்பவும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பணியாளர் எவரையும் இனி எந்த வீட்டுத் தொட்டிக்குள்ளும் இறக்கமாட்டோம் என்ற உறுதியும் எழுத்தில் வேண்டும். தவறினால் தங்களுக்கு உரிமம் வழங்கிய உள்ளாட்சி அமைப்பிடமும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன். பில்லின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்