படிவத்தில் எழுத வேண்டிய பெயர்கள்

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய ஒன்பது பாட்டையும் நேற்று இரவு ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு வரிசையாகக் கேட்டேன். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து கேட்டேன். அப்புறம் மூன்றாவது பாட்டை மட்டும் எத்தனை முறை போட்டேன் என்று கணக்கே இல்லை.

ஆல்பத்தைப் பதிவேற்றும் படிவத்தில் 'இசை வகை' என்ற கட்டத்தில் முதன்மையாக ஒன்றைத்தான் போட வேண்டியிருக்கிறது, தாளமே எல்லாமான ஃபங்க் என்று போடுவதா, தேவாலயப் பாட்டின் சாயல் உள்ள சோல் என்று போடுவதா என்று போனில் கேட்டாய். ஐந்தாவது பாட்டையும் எட்டாவதையும் எடுத்துவிட்டால் ஆல்பம் ஒரே மாதிரி இருக்கும் என்று யாரோ சொன்னதாகவும் சொன்னாய். அதைச் சொல்லும்போது உன் குரல் உள்ளே போய்விட்டது.

எடுக்காதே. ஐந்தாவது பாட்டு தேவாலயத்து ஆர்கன் போலத் தொடங்குகிறது, எட்டாவது ஹிப்ஹாப் மாதிரி பேசிக்கொண்டே போகிறது, உண்மைதான். ஆனால் காலால் தாளம் போட்டுக் கேட்டுப் பார். ஒன்பது பாட்டிலும் உன் பேஸ் கிட்டார் ஒவ்வொரு தாளச் சுற்றின் முதல் பீட்டில்தான் அழுத்தமாக வந்து இறங்குகிறது. ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவிடம் விடாமல் கேட்டது அந்த முதல் பீட்டைத்தான். அதற்கு 'தி ஒன்' என்றே பெயர். நம் தாளக் கணக்கில் சமம் என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதேதான். இடையில் கிட்டாரும் டிரம்பெட்டும் எங்கே வேண்டுமானாலும் சுற்றிவிட்டு வரலாம், அந்த இடத்துக்கு எல்லோரும் வந்து சேர்ந்துவிட வேண்டும். உன் ஆல்பத்தில் எல்லோரும் வந்து சேர்கிறார்கள். இதற்கு மேல் என்ன ஒரே மாதிரி வேண்டும்?

கலந்து செய்வதை யாராவது குறை சொன்னால் அமெரிக்கப் பாடகர் ரே சார்லஸை நினைத்துக்கொள். 1954-இல் அவர் ஒரு பக்திப் பாட்டின் அமைப்பை எடுத்து அதில் காதலைப் பாடினார். தேவாலயம் போகிறவர்கள் பலருக்குக் கோபம். சோல் என்று இன்று நாம் சொல்வது பிறந்த இடங்களில் அந்தப் பாட்டும் ஒன்று. அதோடு நின்றாரா? 1962-இல் கன்ட்ரி பாட்டுகளை எடுத்து முழு ஆல்பமே போட்டார்.

உன் கட்டைவிரல் அடியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு பேஸ் கிட்டார் வாசித்த லாரி கிரகாம் ஞாபகம்தான். சின்ன வயதில் அவர் தன் அம்மாவோடு வாசித்துக்கொண்டிருந்தார். அம்மா பியானோ வாசித்துப் பாடுவார். ஒரு கட்டத்தில் டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாமல் போயிற்று. காலால் அடிக்கும் பெரிய பேஸ் டிரம்முக்குப் பதிலாகக் கட்டைவிரலால் தந்தியை அடித்தார், ஸ்னேர் என்ற சின்ன டிரம்முக்குப் பதிலாக இன்னொரு விரலால் சுண்டினார். அப்படித்தான் ஸ்லாப் என்ற வாசிப்பு முறை வந்தது. பக்கத்தில் பாடிக்கொண்டே அதை முதலில் கேட்ட அந்த அம்மாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் பக்கத்து அறையில் நீ ஒரே நாலு சுரத்தை மணிக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்ததை முழுக்கக் கேட்டவள் நான்தான்.

இப்போது மூன்றாவது பாட்டுக்கு வருகிறேன். அதைத் தூக்கி நிறுத்துவது உன் குரல் இல்லை, உன் டிரம்மர். ஸ்னேரில் பெரிய அடிகளுக்கு நடுவே காதுக்கு எட்டியும் எட்டாமலும் சின்னச் சின்னதாகத் தட்டுகிறானே, அந்த கோஸ்ட் நோட்டுகள்தான் பாட்டை நடக்க வைக்கின்றன. கடைசியாக ஒலியைச் சரிசெய்யும் மாஸ்டரிங்கில் சத்தம் போதவில்லை என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு ஏற்றிவிடாதே. சின்னதுக்கும் பெரியதுக்கும் உள்ள வித்தியாசம் போனால் அந்த நடையும் போய்விடும்.

அதே கையோடு இன்னொன்று. ஜேம்ஸ் பிரவுன் குழுவில் கிளைட் ஸ்டபுள்ஃபீல்டு என்று ஒரு டிரம்மர் இருந்தார். 1970-இல் வெளிவந்த ஒரு பாட்டில் சில நொடிகள் அவர் தனியாக வாசித்ததை, பின்னாளில் நூற்றுக்கணக்கான ஹிப்ஹாப் பாட்டுகள் வெட்டி எடுத்துப் போட்டுக்கொண்டன. எழுதியவர் என்று அவர் பெயர் எங்கேயும் இல்லாததால் அவருக்கு அதில் வரவேண்டிய பங்கு வரவில்லை. மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் அத்தனை வெற்றிப் பாட்டுகளுக்கு வாசித்தவர்களின் பெயர்களும் 1971-இல் அந்த நிறுவனத்துப் பாடகர் மார்வின் கேயின் ஆல்பம் வரும்வரை ஆல்பம் அட்டையில் அச்சாகவில்லை. அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றை விரலால் வாசித்த பேஸை உலகமே முணுமுணுத்தது, வாசித்தது யார் என்று கேட்டவர்களுக்குத் தெரியாது. இதைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை.

உனக்கு மேலே ஒரு நிறுவனம் இல்லை. அட்டையும் உன்னுடையது, பதிவின் உரிமையும் உன்னுடையது. அதனால் இதைச் சரியாகச் செய்ய வேண்டியதும் நீதான். பாட்டை எழுதியதற்கான பங்கு வேறு, பதிவுக்கான பங்கு வேறு. யாருக்கு எதில் எத்தனை சதவீதம் என்று வெளியிடுவதற்கு முன்பே உட்கார்ந்து பேசி, எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்கள்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. டிரம்பெட் வாசித்த பெண், இரண்டாவது பாட்டில் கைதட்டியவர்கள், விடிய விடிய மிக்ஸ் செய்து கொடுத்த அந்தத் தம்பி, ஒருவர் பெயரும் விட்டுப்போகக் கூடாது.

வகைக் கட்டத்தில் சோல் என்றே போட்டுவிடு, அது ஒரு கட்டம், அவ்வளவுதான். பெயர்ப் பட்டியலை மட்டும் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு தடவை காட்டு. எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா